அடக்கமான வேட்பாளர்

இங்கிலாந்து உலகத்தில் கால்வாசியை ஆண்டது கப்பல்களால் அல்ல, பீரங்கிகளால் அல்ல, அடக்கிக்கொள்ளும் சக்தியால்தான். ரோலண்ட் டிட்மார்ஷ் இதை 'மூன்று நங்கூரம்' பப்பில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மார்ச் மாத மாலையில், மூன்றாவது கோப்பை பீரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் அறிவித்தார்.

"நெனச்சுப் பாரு டெரக். நம்ம ஆளுங்க ஆறு மாசம் கப்பல்லயே போனாங்க. நடுவுல யாராவது நிறுத்தி, 'ஒண்ணுக்கு எங்க போறது'ன்னு கேட்டானா?"

"சுத்தி கடல்தானே ரோலண்ட்," என்றார் டெரக் மம்பி. முப்பது வருடமாக ரோலண்டுக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்.

"அது வேற விஷயம்."

விஷயம் இதுதான். ஸ்கெல்பி கடற்கரையின் வடக்குக் கோடியில், கடல்சுவரை ஒட்டி, ஒரு பொதுக் கழிவறை இருந்தது. அதைப் பராமரிக்கப் பணமில்லை, மூடிவிட்டு அதே கட்டடத்தில் காபிக் கடை வைக்கலாம் என்று நகரசபையில் ஒரு யோசனை. காபி குடித்தவர்கள் பிறகு எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை.

"மூடட்டும்," என்றார் ரோலண்ட். "எங்க டிட்மார்ஷ் குடும்பத்துல மூணு தலைமுறையா வீட்டுக்கு வெளிய ஒருத்தரும் ஒண்ணுக்குப் போனதில்ல. லீவு நாள்ல அந்த வாசல்ல போய்ப் பாரு. ஒரு கையில ஐஸ்கிரீம், ஒரு கையில புள்ள, ஆட்டு மந்தை மாதிரி வரிசை. கேட்டா 'அவசரம்'ங்கறான். ஒரு தேசம் எப்ப விழுந்துச்சுன்னு என்னைக் கேட்டா, அந்த வரிசையில மொத ஆளு போய் நின்ன அன்னிக்கு விழுந்துச்சுன்னு சொல்லுவேன்."

பப்பில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ரோலண்ட் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். பிறகு, வீட்டில் மனைவி ஏவ்ரில் காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே கிளம்பினார். அவர் வீடு பப்பின் பின்சுவருக்கு அந்தப் பக்கம். அவர் பரம்பரையின் புகழுக்கு அந்தச் சுவர் பெரிய ஒத்தாசை.

பகலில் அந்த ஒத்தாசை கிடையாது. ரோலண்டுக்கு அறுபத்தெட்டு வயது. ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்றைக் காலையில் போடுவார். அந்த மாத்திரை உள்ளே போன வேகத்தில் மற்றதெல்லாம் வெளியே வரப் பார்க்கும். தொழில், வடக்குக் கடற்கரையில் மடக்கு நாற்காலி வாடகைக்கு விடுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த மரப்பெட்டிக் கடையில்தான் இருக்க வேண்டும். வீடு வெகுதூரம். கழிவறை பக்கத்தில்.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, "கடல் ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, கழிவறைக் கட்டடத்தின் பின்பக்கம் போய் மறைவார். ஆண்கள் வாசல் கடலைப் பார்த்து இருந்தது. கடல் அவர் நாற்காலியிலிருந்தே முழுசாகத் தெரியும். இதை இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. இறங்கியதா ஏறியதா என்று திரும்பி வரும்போது மரியாதையாக விசாரிப்பார்கள். அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் தேர்தலில் நின்றது யாருடைய குற்றமும் இல்லை. மறுநாள் டெரக் பப்புக்கு வேட்புமனுவோடு வந்தார். வடக்குக் கடற்கரை வார்டில் மே மாதம் தேர்தல், ஒரே ஒரு இடம். முன்மொழிய ஒருத்தர், வழிமொழிய ஒருத்தர் போதும். டெரக் முன்மொழிந்திருந்தார், பப்பில் பீர் ஊற்றுகிறவர் வழிமொழிந்திருந்தார். பப்பே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல ரோலண்டுக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டார். மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் வரைக்கும் யாராவது வந்து தன்னைத் தடுப்பார்கள் என்று காத்திருந்தார். எல்லோரும் மரியாதைக்காரர்கள். ஒருவரும் தலையிடவில்லை.

"நீ ஜெயிச்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் ஏவ்ரில். பழைய திரைத்துணியை வெட்டி வேட்பாளர் நெஞ்சில் குத்திக்கொள்ள அவருக்கு ஒரு ரிப்பன் பூ தைத்துக்கொண்டிருந்தாள். பழுப்பு நிறம். மற்ற நிறங்களைக் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

"ஜெயிக்க மாட்டேன்."

"சரி. ஜெயிச்சா?"

ரோலண்ட் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தார். மற்ற உறுப்பினர்கள் 'மூடு', 'மூடாதே' என்று சரிபாதியாகப் பிளந்து நிற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். இந்த வார்டிலிருந்து போகிறவர் எந்தப் பக்கம் கையைத் தூக்குகிறாரோ அந்தப் பக்கம்தான் முடிவு. அவர் ஜெயித்தால் அவர் கையாலேயே அதை மூட வேண்டும். மூடினால் நாற்காலிக் கடையையும் மூட வேண்டும். மூட மாட்டேன் என்றால், ஏன் என்று ஊர் கேட்கும்.

"மாத்திரைய நிறுத்திப் பாக்கறேன்," என்றார்.

"செத்துப்போவ கண்ணு," என்றாள் ஏவ்ரில், ஊசியில் நூல் கோத்தபடி. "அப்புறம் இடைத்தேர்தல் வரும்."

தேர்தலில் அவருக்கு எதிரே நின்றவர் நோரீன் கிளாக்ஸ்டன். கடற்கரைச் சாலையில் மீனும் சிப்ஸும் விற்கிறவர். வருகிறவர் பாதிரியாராக இருந்தாலும் போலீஸாக இருந்தாலும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய துண்டுப் பிரசுரத்தில் ஒரே வரிதான்: 'கதவு திறந்தே இருக்கும்.' ரோலண்டின் பிரசுரத்தை டெரக் எழுதினார். அதில் ரோலண்ட் நெஞ்சை நிமிர்த்திக் கடலைப் பார்க்கும் படம், கீழே பெரிய எழுத்தில், 'டிட்மார்ஷ்: அடக்கமான வேட்பாளர்.'

ஓட்டுக் கேட்கப் போகிற வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை முன்கூட்டியே யாரும் ரோலண்டுக்குச் சொல்லவில்லை. ஸ்கெல்பியில் கதவைத் தட்டினால் ஓட்டு கிடைக்குமோ கிடைக்காதோ, தேநீர் நிச்சயம். வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டு ஓட்டு போச்சு. பக்கத்து வீட்டு ஓட்டும் போச்சு. முதல் வீட்டில் ஒரு கோப்பை, இரண்டாவது வீட்டில் ஒரு கோப்பை. ஐந்தாவது வீடு மிஸஸ் பிரம்ஹெட்டினுடையது. எண்பத்தைந்து வயது. கண்ணாடி அணிந்தும் அணியாமலும் எல்லாவற்றையும் பார்க்கக்கூடியவர்.

"அடக்கமானவரா? வாங்க, வாங்க," என்றார். "இன்னும் ஒரு கப் குடிக்கலாம்ல? நீங்க தாங்குவீங்க."

"தாராளமா," என்றார் ரோலண்ட்.

"உங்க போட்டோ நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு இருந்தாரே, நூலகம் வரைக்கும்கூட அவரால தாங்க முடியாது. பாவம்." அவர் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தார். அது சளசளவென்று கொட்டியது. மூடவில்லை. அங்கிருந்தே பேச்சைத் தொடர்ந்தார். "உங்க வயசுல எல்லா ஆம்பளைங்களுக்கும் அந்தத் தொந்தரவு வரும்ங்கறாங்களே. உங்களுக்கு எப்படி?"

கூட வந்திருந்த டெரக் பெருமையோடு ரோலண்டைப் பார்த்தார். ரோலண்ட் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பிறகு காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"பரம்பரை," என்றார். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. "மேடம், அந்தக் குழாய்…"

"ஓ, அதுவா. பாத்திரம் ஊறட்டும்னு விட்டேன். சத்தம் தொந்தரவா இருக்கா?"

"இல்ல இல்ல. இனிமையா இருக்கு." எழுந்தார். "டெரக், நீ பிஸ்கட்டை முடிச்சுட்டு வா. நான் கொஞ்சம் கடல் ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டு வரேன்."

தெருமுனை வரை நடந்தார். முனையைத் திரும்பியதும் ஓடினார். அறுபத்தெட்டு வயதில், நெஞ்சில் பழுப்புப் பூ துள்ள, கடல்காற்றுக்கு எதிராக, இங்கிலாந்து உலகத்தை ஆண்ட ரகசியத்தைப் பல்லைக் கடித்துக் காப்பாற்றிக்கொண்டு ஓடினார். ஆண்கள் வாசலில் நுழைந்தார். உள்ளே ஒரு விளக்கு எரியவில்லை. அந்த இருட்டில், அந்தச் சுவரைப் பார்த்து நின்ற நேரத்தில், நகரசபை என்று ஒன்று ஏன் இருக்கிறது என்பது வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு முழுசாகப் புரிந்தது.

வெளியே வந்தால், வாசலிலேயே நோரீன் நின்றுகொண்டிருந்தார், கையில் பிரசுரக் கட்டோடு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடல் ஒரு அலையைக் கொண்டுவந்து சுவரில் மோதிவிட்டுப் போனது.

"கை கழுவினியா கண்ணு?" என்றார் நோரீன்.

"கழுவினேன்," என்றார் ரோலண்ட், சின்னக் குரலில்.

அப்போது டெரக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாய் ஓரத்தில் பிஸ்கட் தூள். "ரோலண்ட்! இங்க என்னப்பா பண்ற? இந்த வாசல்ல?"

ரோலண்ட் நோரீனைப் பார்த்தார். அவருடைய மூன்று தலைமுறையும் பப்பின் கைதட்டலும் அந்த ஒரு கணத்தில் நோரீன் கிளாக்ஸ்டனின் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஆய்வுக்கு வந்திருக்காரு," என்றார் நோரீன். "உள்ள ஒரு பல்பு எரியலன்னு குறை சொல்றாரு. எதிரி கோட்டைய நேர்ல பாத்தாத்தானே குறை சொல்ல முடியும்?"

"அது!" என்று டெரக் ரோலண்டின் முதுகில் தட்டினார். "அதான் எங்க ஆளு. எல்லாத்தையும் நேர்ல பாப்பாரு." பல்பைத் தானும் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

அந்த இடைவெளியில் ரோலண்ட் மெதுவாகக் கேட்டார், "ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ ஜெயிச்ச மாதிரி."

"உள்ள யாரு போறாங்க, யாரு வராங்கன்னு ஊருக்குச் சொல்றவள நம்பி எவன் கண்ணு ஒரு கக்கூஸ ஒப்படைப்பான்?" என்றார் நோரீன். "நான் அதத் தொறந்து வைக்கணும்னு நிக்கறேன். வாசல்ல உக்காந்து எண்ணணும்னு நிக்கல."

அன்றிலிருந்து ரோலண்ட் தோற்பதற்காகத் தீவிரமாக உழைக்க ஆரம்பித்தார்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. சாலைக்கு உள்பக்கம் இருக்கும் பங்களாக்காரர்களுக்கு வீட்டுக்கு இரண்டு கழிவறை. கடற்கரைக் கழிவறைக்குத் தங்கள் வரி போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ரோலண்ட் அவர்களிடம் போய், "நோரீன் ரொம்ப நல்லவங்க, அவங்களையும் யோசிச்சுப் பாருங்க" என்றார். "எதிராளியப் பத்தி இப்படிப் பேசற மனுஷன் இந்தக் காலத்துல யாரு இருக்கா?" என்று நெகிழ்ந்து, ஓட்டு அவருக்கே என்றார்கள். "எனக்கு அனுபவம் பத்தாது" என்றார். "பாத்தியா, எவ்ளோ அடக்கம்!" என்றார்கள். "நான் இதுக்கு லாயக்கில்ல" என்று ஒரு வீட்டில் வெட்டவெளிச்சமாகச் சொல்லிப் பார்த்தார். அந்த வீட்டம்மா கண் கலங்கிவிட்டார். ஜன்னலில் ஒட்ட இரண்டு சுவரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஜெயிச்சுருவ ரோலண்ட்," என்றார் டெரக். அவர் குரல் ஏனோ அவ்வளவு உற்சாகமாக இல்லை. "என் கணக்குல உறுதியா ஜெயிச்சுருவ."

ரோலண்டுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

தேர்தல் அன்று காற்றும் வெயிலுமாக இருந்தது. பந்து உருட்டும் கிளப்பின் சின்னக் கட்டடம்தான் வாக்குச்சாவடி. வெளியே வேலியில் நாய்களைக் கட்டிவிட்டு ஜனங்கள் உள்ளே போனார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு ரோலண்ட் பிறந்தநாள் அட்டை அனுப்புகிற பழக்கம் உண்டு. அவரும் அனுப்புவார்.

"பேரு?" என்றார் அவர்.

"ரோலண்ட் டிட்மார்ஷ்."

"போட்டோ போட்ட அடையாளம் ஏதாவது இருக்கா, சார்?"

ரோலண்ட் முதியோர் பஸ் பாஸை நீட்டினார். அவர் படத்தைப் பார்த்தார், ரோலண்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். திருப்தி அடைந்து வாக்குச்சீட்டைக் கொடுத்தார். "ஏவ்ரில் எப்படி இருக்கா?" என்று அதற்குப் பிறகு கேட்டார்.

தடுப்புக்குள் கயிற்றில் கட்டிய பென்சில். சீட்டில் இரண்டே பெயர்கள். கிளாக்ஸ்டன், நோரீன் மே. டிட்மார்ஷ், ரோலண்ட் யூஸ்டேஸ். ரோலண்ட் இடதுகையால் தன் பெயரை மறைத்துக்கொண்டு, நோரீனின் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறியை அழுத்திப் போட்டார். மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

கையை எடுத்தார். தன் பெயர் தெரிந்தது. அச்சில் அது தனியாக, யாரும் கூப்பிடாத விருந்துக்கு வந்து நிற்கிற ஆள்போல நின்றது. பாவமாக இருந்தது. இந்த ஊரில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால் மிதிபட்டவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பார். ஒன்றும் சொல்லாமல் அப்படியே மடித்துப் போட ரோலண்டுக்கு மனம் வரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'சாரி, ரோலண்ட்' என்று எழுதினார். பிறகு மடித்துப் பெட்டியில் போட்டார்.

வெளியே டெரக், தானும் ஒரு பழுப்புப் பூவைக் குத்திக்கொண்டு நின்றார். "நமக்கு ஒண்ணு விழுந்தாச்சு!" என்றார்.

"விழுந்தாச்சு," என்றார் ரோலண்ட்.

எண்ணிக்கை மறுநாள் காலை, ஊருக்கு வெளியே இருக்கும் விளையாட்டரங்கத்தில். பாட்மின்டன் கோடுகள் வரைந்த தரையில் மேசைகள் போட்டிருந்தார்கள். ஓரத்தில் தேநீர்ப் பாத்திரம். டெரக் ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார், தேர்தல் அதிகாரியின் உதவியாளர் ஒன்று கொடுத்தார், நோரீனின் தங்கை ஒன்று கொடுத்தாள். அரங்கத்தில் நல்ல சுத்தமான கழிவறை இருந்தது. வாசலுக்கு மேல் பெரிய பலகை. அதன் கீழே கேமராவோடு வந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் சாய்ந்து நின்றான். ரோலண்ட் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

ஓட்டுக் கட்டுகள் ஏறின. ஒரு மேசையில் நோரீனுக்கு, ஒரு மேசையில் ரோலண்டுக்கு. கடைசிக் கட்டு வைத்தபோது ரோலண்ட் ஒன்பது ஓட்டு முன்னால் இருந்தார்.

பக்கத்தில் ஏவ்ரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் சந்தேகச் சீட்டுகள் பாக்கி," என்றார் தேர்தல் அதிகாரி. ஒல்லியான மனிதர், தன் கண்ணாடியைத் தானே சந்தேகப்படுகிறவர்போல அடிக்கடி கழற்றித் துடைத்தார். "வேட்பாளர்கள் இங்க வாங்க. சீட்டுல ஏதாவது எழுதியிருந்தா, அத வச்சு போட்டவர் யாருன்னு கண்டுபிடிக்க முடிஞ்சா, அந்த ஓட்டு செல்லாது. இல்லன்னா, எண்ணம் தெளிவா இருந்தா செல்லும். மொத்தம் பதினாலு."

முதல் சீட்டை எடுத்தார். "பெருக்கல் குறி மிஸஸ் கிளாக்ஸ்டனுக்கு. பக்கத்துல எழுதியிருக்கறது: 'சாரி, ரோலண்ட்.'"

ரோலண்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கையெழுத்தைத் தன் கண்ணால் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்தது." அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "இதுவும் மிஸஸ் கிளாக்ஸ்டனுக்கு. 'சாரி, ரோலண்ட்.'"

ரோலண்ட் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். அது அவர் கையெழுத்து இல்லை.

"'மன்னிக்கவும் மிஸ்டர் டிட்மார்ஷ், மனசுல வச்சுக்காதீங்க.' மிஸஸ் கிளாக்ஸ்டனுக்கு. 'சாரி ரோலண்ட், போட்டோ நல்லா இருந்துச்சு, ஆனா எனக்கு எண்பத்தஞ்சு வயசு.' மிஸஸ் கிளாக்ஸ்டனுக்கு. 'ரொம்ப சாரி. நாற்காலி எல்லாம் அருமை.'"

பதினான்கும் நோரீனுக்கு. பதினான்கிலும் மன்னிப்பு. அதிகாரி தன் வேலைக்காலத்தில் கெட்ட வார்த்தைகளைப் பார்த்திருக்கிறார், படங்களைப் பார்த்திருக்கிறார். இதற்கு அவரிடம் விதி இல்லை.

"ஆட்சேபம்!" என்றார் டெரக். வேட்பாளரின் முகவர் என்ற முறையில் அவர் கடமை அது. "இது ஓட்டா, மன்னிப்புக் கடிதமா? எழுதினவங்க இவர 'ரோலண்ட்'னு கூப்பிடறவங்க. அப்ப தெரிஞ்சவங்க. அப்ப அடையாளம் தெரியுது!"

"ஸ்கெல்பியில இவர ரோலண்ட்னு கூப்பிடாதவர் யாரு?" என்றார் அதிகாரி. "நானே அப்படித்தான் கூப்பிடறேன்." இன்னொரு சீட்டை உயர்த்தினார். "ஆனா இது கொஞ்சம் சிக்கல். 'சாரி, கண்ணு.'"

எல்லோரும் ஏவ்ரிலைப் பார்த்தார்கள். ஏவ்ரில் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"இவரக் கண்ணுன்னு கூப்பிடறது…" என்று டெரக் தொடங்கினார்.

"நான்தான்," என்றார் நோரீன். "நான் எல்லாரையும் கண்ணுன்னுதான் கூப்பிடறேன். ஏன், என் கடையில வரிசையில நிக்கற பாதி ஊரு இப்ப அப்படித்தான் பேசுது. அத வச்சு யாருன்னு கண்டுபிடிச்சுருவீங்களா கண்ணு?"

அதிகாரி, தன்னைத்தான் கூப்பிட்டார் என்று புரிந்து, சிவந்துபோனார். அந்தச் சீட்டையும் மற்றவற்றோடு வைத்தார். "கடைசி ஒண்ணு. மிஸஸ் கிளாக்ஸ்டனுக்கு. 'சாரி பார்ட்னர். காலைல நாயக் கூட்டிட்டு நடக்கறப்ப எனக்கு வேற வழி இல்ல.'"

முப்பது வருடம் பப்பில் டெரக்கோடு ஜோடி சேர்ந்து அம்பெறிந்து விளையாடி, கரும்பலகையில் டெரக் எழுதிய புள்ளிகளைத்தான் ரோலண்ட் பார்த்து வந்திருக்கிறார். எழுத்தின் வால் எல்லாம் இடதுபக்கம் சுழித்துக்கொண்டு போகும். மெதுவாகத் திரும்பினார். டெரக் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோலண்ட் சற்று முன் பார்த்த அதே இடம்.

"முகவருக்கு ஆட்சேபம் உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார் டெரக், கூரையிடம்.

"வேட்பாளருக்கு? யாருடைய எழுத்தாவது தெரியுதா மிஸ்டர் டிட்மார்ஷ்? தெரிஞ்சா சொல்லணும்."

ரோலண்ட் பதினான்கு சீட்டையும் நிதானமாகப் பார்த்தார். மனைவியின் சுழிக்கும் 'ர', டெரக்கின் வால், குழாயைத் திறந்துவிட்ட ஒரு நடுங்கும் கை, தன் சொந்தக் கை. வயிற்றுக்குள் மூன்று கோப்பைத் தேநீர் கடல்போல ஏறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூடத் தெரியல," என்றார். "எண்ணம் தெளிவா இருக்கு. மன்னிப்புக் கேட்டா ஓட்டு செல்லாதுன்னா இந்த நாட்டுல தேர்தலே நடத்த முடியாது."

அதிகாரி தலையாட்டினார். நோரீன் கிளாக்ஸ்டன் ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கைதட்டலுக்கு நடுவே ரோலண்டை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் நெஞ்சிலிருந்த பழுப்புப் பூவைக் கழற்றினார். முகம் முழுக்க ஒரு வெளிச்சம். தோற்ற வேட்பாளர் ஒருவர் இப்படிச் சிரித்து உள்ளூர்ப் பத்திரிகை அதற்கு முன் படம் எடுத்ததில்லை.

"நோரீனுக்கு வாழ்த்து. உங்க எல்லாருக்கும் நன்றி. மன்னிப்பு எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேன்," என்றார். "இப்ப கொஞ்சம் கடல் ஏறுதா இறங்குதான்னு பாத்துட்டு வரேன்."

விளையாட்டரங்கம் கடலிலிருந்து இரண்டு மைல் உள்ளே. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. பலகைக்குக் கீழே சாய்ந்து நின்றவன்கூட நகர்ந்து வழிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏவ்ரில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நானும் உன்கூட அந்தக் கடைல நாலு மணி நேரம் உக்காருறேன்ல, சீசன்ல," என்றாள்.

"தெரியும்."

"அதான் எழுதினேன்."

"யாரு எழுதினது? எனக்கு எழுத்து தெரியல," என்றார் ரோலண்ட்.

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். முன் ஸீட்டில் இருந்த டெரக் திரும்பாமலே, "எனக்கும் தெரியல," என்றார்.

திங்கட்கிழமை அரசு விடுமுறை. வெயில் அடித்தது, ஸ்கெல்பிக்கு அது பெரிய செய்தி. பக்கத்து ஊர்க் கூட்டமெல்லாம் கடற்கரைக்கு வந்து இறங்கியது. மதியத்துக்குள் ரோலண்டின் மடக்கு நாற்காலிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. வடக்குக் கழிவறை வாசலில் வரிசை ஆண்கள் பக்கம் திரும்பி, கடல்சுவர் ஓரமாக நீண்டிருந்தது. ஐஸ்கிரீம்கள், பிள்ளைகள், ஈரத் துண்டுகள். உள்ளே புது பல்பு எரிந்தது. புது உறுப்பினர் பதவியேற்று முதல் வேலையாகக் கடைப் பையனை அனுப்பாமல் தானே ஏணி வைத்து ஏறி மாட்டியதாகப் பேச்சு.

ரோலண்ட் எழுந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்தார். பக்கத்தில் யாரிடமாவது சொல்வதற்கு வாயைத் திறந்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்துபோய், வரிசையின் கடைசியில், கையில் உருகும் ஐஸ்கிரீமோடு நின்ற ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் நின்றார்.

எதிர்ச் சாலையில் கடைக் கதவைத் திறந்துகொண்டு நோரீன் எட்டிப் பார்த்தார்.

"கடல் எப்படிக் கண்ணு இருக்கு?" என்று கத்தினார்.

"ஏறிக்கிட்டு இருக்கு," என்றார் ரோலண்ட். வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.